மட்டக்களப்பு வாவிக்கரையில் கைவிடப்பட்ட நெல் ஆலையை மீளக் கட்டியெழுப்புதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் நெல் விளைவது பெரும்பாலும் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில்; சந்தையும் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகமும் கடைவீதியும் இருப்பதோ நகரின் மையமான புளியந்தீவிலும் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலும். இடையில் வாவி கிடக்கிறது. பாலங்களும் தார் வீதிகளும் பெருகுவதற்கு முன்னர், நெல் மூட்டை வள்ளத்தில் வந்து இறங்கும் துறையை ஒட்டியே களஞ்சியம் கட்டப்பட்டது. அதன் பின்னால் நெல் அவிக்கும் கொட்டகையும், காயப்போடும் தளமும், உமி எரிக்கும் அடுப்பும், புகைபோக்கியும் எழுந்தன. 1928 இல் ரயில் வந்தது. பின்னர் லொறிகள் வந்தன. ஆலைகள் வீதிப்பக்கம் முகந்திரும்பின. வாவிப்பக்கத் துறைகள் பற்றை பிடித்தன. 1978 நவம்பர் சூறாவளியும், நீண்ட போரும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் எஞ்சியவற்றில் பலவற்றை மூட வைத்தன. இன்று அவ்வாறான ஒரு வளவை வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும், அதனைக் குத்தகைக்கு எடுக்க நினைக்கும் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும், உள்ளூராட்சி அலுவலர்களுக்கும் உதவும் வகையில், செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே இங்கு விளக்குகிறேன்.

ஒழுங்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கமாக, கட்டடக் கலைஞர் ஒருவர் அழைக்கப்பட்டு, அழகான வண்ணப்படம் வரையப்பட்டு, அதன் பின்னரே காணியின் உரிமை, வெள்ள மட்டம், சுவரின் உப்பு ஆகியன ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. அப்போது படத்தை மாற்றுவதற்குப் பணமும் மனமும் இருப்பதில்லை. வாவிக்கரை வளவு ஒன்றில் முதலில் அறிய வேண்டியது நீரை, அடுத்து காணியை, அதன் பின்னர் கட்டடத்தை, எதற்குப் பயன்படுத்துவது என்பது இவை மூன்றும் தெரிந்த பின்னரே தீர்மானிக்கப்பட வேண்டியது.

உலகில் இதே வகை வளவுகள் மீண்டெழுந்த கதைகளில் நமக்கு மிகவும் பயன்படுவது லண்டனின் கிங்ஸ் குரொஸ் பகுதியாகும். 1820 இல் திறக்கப்பட்ட ரீஜண்ட்ஸ் கால்வாயை ஒட்டி, 1852 இல் அங்கு ஒரு பெரிய தானியக் களஞ்சியம் கட்டப்பட்டது. சரக்குப் போக்குவரத்து வீதிக்கு மாறியபின் அந்த வளவு பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 2011 இல் ஒரு கலைக் கல்லூரி அந்தக் களஞ்சியத்துக்குள் குடிபுகுந்தது; மறு ஆண்டு அதன் முன்னாலிருந்த திறந்தவெளி பொதுச் சதுக்கமாகத் திறக்கப்பட்டு, அதிலிருந்து கால்வாயை நோக்கிப் படிகள் இறக்கப்பட்டன. அங்கு புழங்கிய முதலீடு நமக்கு எட்டாதது. ஆனால் நீரின் விளிம்பைத் தனியார் வேலியால் அடைக்காமல் ஊருக்குத் திறந்துவிட்டதே அந்த வளவுக்கு உயிர் கொடுத்தது என்ற பாடம் செலவில்லாதது.

முதற் படி: ஒரு மாரி முழுவதும் நீரை அளத்தல்

மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது கடலின் ஏற்ற இறக்கம் அன்று. இலங்கைக் கரையில் அது ஒரு மீற்றருக்கும் குறைவானது. மேட்டு நிலங்களிலிருந்து ஆறுகளும் வடிச்சல்களும் கொண்டுவந்து கொட்டும் மழைநீரும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் அந்த நேரத்தில் திறந்திருக்கிறதா மணலால் மூடிக்கிடக்கிறதா என்பதுமே மட்டத்தை முடிவு செய்கின்றன. முகத்துவாரம் மூடியிருக்கும்போது பெருமழை பெய்தால், மணல்திட்டை வெட்டிவிடும் வரை நீர் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே கோடையில் வளவைப் பார்த்துவிட்டு, ‘நீர் இவ்வளவு தூரத்தில் நிற்கிறதே’ என்று நிலத்தள மட்டத்தைத் தீர்மானிப்பது ஆபத்தானது.

செய்ய வேண்டியது எளிது. ஆனால் பொறுமை வேண்டும். உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு, நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறியிலிருந்து சராசரிக் கடல் மட்டத்தை வளவுக்குக் கொண்டுவந்து, அசையாத ஓரிடத்தில், உதாரணமாகப் புகைபோக்கியின் அடிக்கல்லில், ஒரு குறியை வெட்டிக்கொள்ளுங்கள். துறையில் அளவுகோல் தீட்டிய ஒரு கம்பத்தை நாட்டி, ஐப்பசி தொடங்கித் தை முடியும் வரை நாள்தோறும் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். மழை அளவையும், முகத்துவாரம் வெட்டப்பட்ட நாளையும் அதே கொப்பியில் எழுதுங்கள். இதற்குக் காவலாளி ஒருவரே போதும்.

இதனோடு, கடந்த வெள்ளங்களின் உயரத்தையும் தேட வேண்டும். 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இம்மாவட்டத்தை மூழ்கடித்த வெள்ளம் சுற்றுவட்டார வீடுகளில் எந்த அளவுக்கு ஏறியது என்பதை அயலவர்கள் இன்னும் கைகாட்டிச் சொல்வார்கள். யன்னல் அடிக்கட்டை, கிணற்றுக்கட்டு, கோயில் படிக்கட்டு என்று அவர்கள் காட்டும் ஒவ்வோர் இடத்தையும் அளவையாளர் உங்கள் குறியோடு ஒப்பிட்டு மட்டம் எடுக்க வேண்டும். வெவ்வேறு வீட்டார் காட்டும் உயரங்கள் ஏறத்தாழ ஒன்றாக வந்தால் அதை நம்பலாம். மின்பலகை, நீர்ப்பம்பி, களஞ்சியத் தரை, கழிவுநீர்த் தொட்டியின் மூடி ஆகிய நான்கும் அந்த மட்டத்துக்கு மேலேயே அமைய வேண்டும் என்பதை இந்தக் கட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். மற்ற இடங்கள் நனையலாம். நனைந்து காயக்கூடிய தரையையும் சுவரையும் அங்கு அமைத்தால் போதும்.

நிலத்தை மண் கொட்டி உயர்த்துவது பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. அது உங்கள் வளவின் வெள்ளத்தை அயலவர் வளவுக்குத் தள்ளிவிடும் செயல். பழைய ஆலையின் சுவர்களோ தங்கள் பழைய நிலமட்டத்துக்கே கட்டப்பட்டவை. வெளியே மண் உயர்ந்தால் அவை ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும்.

இரண்டாம் படி: காணி யாருடையது

நல்லெண்ணத்தோடு தொடங்கும் திட்டங்கள் அதிகமாகச் சிக்குவது இந்தப் படியில்தான். வாவிக்கரை ஆலை வளவு ஒன்று பார்வைக்கு ஒரே துண்டாக இருந்தாலும், காகிதத்தில் மூன்று நான்கு வகைக் காணிகளாக இருப்பதுண்டு: ஆலை நிற்கும் துண்டு தனியார் உறுதிப்பத்திரம் உள்ள உறுதிக் காணி, காயப்போடும் தளம் அரச காணியின் அனுமதிப்பத்திரத்தில், துறை இருக்கும் விளிம்பு நீர்நிலையின் ஒதுக்கு நிலம், வீதிப்பக்கம் பின்னர் வாங்கிச் சேர்த்த ஒரு சிறு துண்டு. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சட்டம். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை, பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழான குத்தகைக்கு வேறு நிபந்தனைகள். ஒதுக்கு நிலத்தில் உங்களுக்கு எவ்வித உரிமையும் கிடைக்காது. அதில் பொதுப் பாதை அமைப்பதற்கு உடன்படுவதே சரியான வழி.

உறுதிக் காணியானால், நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடுவது நடைமுறை. மட்டக்களப்பில் இதனோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கு வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாக எழுதப்படும் வழக்கம் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் ஆழமாக உள்ளது. ஆலையை நடத்தியவர் தகப்பனோ மருமகனோ ஆக இருக்கலாம். உறுதி பேத்தியொருத்தியின் பெயரில் இருக்கலாம். அவர் வெளிநாட்டில் இருக்கலாம். ‘முதலாளியின் மகன்மார்’ எல்லோரும் கையொப்பமிட்டுவிட்டார்கள் என்பதால் உரித்தாளர் எல்லோரும் இணங்கிவிட்டார்கள் என்று கொள்ளக்கூடாது. பெண்களை நேரில் கண்டு பேசுங்கள்; அது சட்டத்துக்கும் நல்லது, நியாயமும் அதுவே.

போரினால் உரிமையாளர் இடம்பெயர்ந்து, வேறொருவர் நீண்டகாலம் குடியிருந்த வளவுகளும் உண்டு. பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டவருக்கு உரிமை ஏற்படும் என்ற ஆட்சியுரிமை விதிக்கு, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் ஒரு விலக்கை அளித்தது. போர்ச் சூழலால் தன் காணிக்குச் செல்ல முடியாதிருந்தவருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிடக் கூடாது என்பதே அதன் சாரம். வழக்குத் தாக்கல் செய்வதற்கான காலவரையறை உண்டு என்பதால், இத்தகைய வளவில் கைவைக்குமுன் சட்டத்தரணியின் எழுத்து மூலமான கருத்தைப் பெறுவது கட்டாயம். குடியிருப்பவரோ பெரும்பாலும் தானும் இடம்பெயர்ந்த ஒருவர். அவருக்கு மாற்றிடம் பேசித் தீர்க்காமல் வேலையைத் தொடங்குவது முறையன்று.

அரச நிறுவனமொன்றின் பெயரில் உள்ள வளவானால், நெல் சந்தைப்படுத்தும் சபையின் பழைய களஞ்சியங்களைப் போன்றவற்றில், காகிதங்களைக் கேட்டுப் பெறுவதற்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவுகிறது. விண்ணப்பம் கொடுத்தால் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். குத்தகை ஒப்பந்தப் பிரதி, பழைய அளவைப் படம், கட்டட மதிப்பீடு என்று தனித்தனியாகப் பெயர் குறித்துக் கேளுங்கள். ‘எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால் எதுவும் வராது.

மூன்றாம் படி: இருப்பதைப் பதிவு செய்தல்

பற்றை வெட்டுவதற்கும் துப்புரவு செய்வதற்கும் முன்னரே இது நடக்க வேண்டும், ஏனெனில் முதல் நாள் துப்புரவிலேயே பழைய இரும்பு என்று பாதி வரலாறு லொறியில் ஏறிப் போய்விடுகிறது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தரைப்படமும் வெட்டுமுகமும் வரைந்து, ஒவ்வொரு சுவரையும் நேர்முகமாகப் புகைப்படம் எடுத்து, அசையும் பொருட்களுக்கு இலக்கமிட்டுப் பட்டியலிடுங்கள்.

காயப்போடும் தளத்தை எடுத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு அது வெறும் சீமெந்துத் தரை. மண்டியிட்டுக் கண்ணைத் தரையோடு வைத்துப் பார்த்தால், நடுவில் உயர்ந்து இருபுறமும் மெல்லச் சரிவது தெரியும். திடீர் மழையில் நீர் தேங்காமல் ஓடுவதற்கும், நெல்லைக் கூட்டி நடுமேட்டில் குவித்துப் படங்கால் மூடுவதற்கும் அந்தச் சரிவு. ஓரத்தில் விரலகல வாய்க்கால் ஒன்று ஓடி, தொட்டிப்பக்கம் போகாமல் வாவிப்பக்கம் திரும்பும். இத்தகைய தரையின் மேல் புதிய கொங்கிறீற்றை ஒரே மட்டமாக ஊற்றினால், முதல் மாரியிலேயே அது குளமாகும். மேசன் ஒருவர் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் நீர்மட்டக் குழாயோடு நின்று யோசித்துச் செய்த வேலை அது. அதைப் படத்தில் அளவோடு குறித்து வைத்தால், பின்னர் வருபவர் அழிக்கத் தயங்குவார்.

ஆலையில் வேலை செய்தவர்களைத் தேடிப் பேச வைப்பதும் இந்தப் படியிலேயே அடங்கும். முதலாளிமாரின் கதை எப்படியும் எஞ்சும். விடியப்புறம் நெல் அவித்த பெண்கள், காலால் துழாவிக் காயவைத்தவர்கள், மூட்டை சுமந்த நாட்டாமைமார், இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டவர் ஆகியோரின் கதை அவர்களோடு போய்விடும். அவர்களை வளவுக்குள் அழைத்துவந்து, நடந்தபடியே சொல்ல விட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். எந்தத் தொட்டி எதற்கு, எந்தச் சுவர் எப்போது இடிந்து திரும்பக் கட்டப்பட்டது, எண்ணெய் எங்கே கொட்டப்பட்டது என்ற தகவல்கள் பொறியியலாளருக்கும் தேவைப்படும்.

நான்காம் படி: அனுமதிகளின் வரிசை

அனுமதி ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓடித் தேடுவதைவிட, நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு முதலில் விண்ணப்பிப்பது நல்லது. வேறு எந்தத் திணைக்களங்களின் இணக்கம் தேவை என்பதை அங்கு எழுத்தில் பெறலாம். கட்டட விண்ணப்பம் உள்ளூராட்சி மன்றத்துக்கு, அதாவது நகர எல்லைக்குள் மட்டக்களப்பு மாநகர சபைக்குச் செல்லும். வேலை முடிந்தபின் இணக்கச் சான்றிதழ் பெறாமல் கட்டடத்தைத் திறக்கக்கூடாது. பழைய கட்டடம் என்பதால் அது தேவையில்லை என்று நினைப்பவர் உண்டு. பயன்பாடு மாறும்போது அது கட்டாயம் தேவை.

கரையோரம் பேணல் திணைக்களத்தின் எல்லை குறித்துக் குழப்பம் அதிகம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கரையோர வலயம் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை செல்கிறது. கடலோடு நிரந்தரமாகவோ பருவத்துக்கோ தொடர்புள்ள ஆறு, வாவி ஆகியவற்றில், முகத்துவாரத்தின் இருமுனைகளையும் இணைக்கும் கோட்டிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை அது நீள்கிறது. 2011 இல் சட்டம் திருத்தப்பட்டது. எனவே பழைய படங்களையோ பிறர் சொல்லையோ நம்பாமல், உங்கள் அளவைப் படத்தைக் கொடுத்து, வளவு வலயத்துக்குள் அடங்குகிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

தொல்பொருள் விடயத்தில், 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவற்றுக்கே இயல்பான பாதுகாப்பைத் தருகிறது. நெல் ஆலைகள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. ஆனால் ஒல்லாந்தர் கோட்டையின் அயலில் நிலம் தோண்டினால் பழைய அத்திவாரங்கள் வெளிப்படலாம். கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் திட்டம் என்றால் தொல்பொருள் தாக்க மதிப்பீடு பற்றித் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். சதுப்புநிலம் 4 ஹெக்டேயருக்கு மேல் நிரப்பப்படுமானால், தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்குள் திட்டம் வந்துவிடும். ஆலை வளவு ஒன்றுக்கு இவ்வளவு நிரப்ப வேண்டிய தேவையே எழக்கூடாது.

ஐந்தாம் படி: நச்சையும் ஆபத்தையும் அகற்றுதல்

இயந்திர அறையின் தரையில் பல ஆண்டு டீசலும் கழிவெண்ணெயும் ஊறியிருக்கும். அந்த மண்ணைத் தோண்டி மூடிய பீப்பாய்களில் எடுத்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் வழிகாட்டலுடன் அகற்ற வேண்டும். வாவிக்கரையில் குவித்து வைத்தால் முதல் மழையில் இறாலுக்கும் நண்டுக்கும் போய்ச் சேரும். அஸ்பெஸ்டஸ் தகட்டுக் கூரையைச் சுத்தியலால் உடைக்கக்கூடாது: நீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத்தகடாக இறக்கி, பொலித்தீனில் சுற்றி வையுங்கள். அதை அயல்வீட்டுக் கோழிக்கூட்டுக்கு இலவசமாகக் கொடுப்பது உபகாரம் ஆகாது. மட்டக்களப்பு மாவட்டம் 2017 இல் கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் பற்றைக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ ஐயத்துக்கிடமான இரும்பு தென்பட்டால் தொடாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

வாழைச்சேனைக் காகித ஆலையைப் போன்ற பெருவளவுகளின் நிலை வேறு. 1956 இல் உற்பத்தி தொடங்கி வைக்கோலிலிருந்து கூழ் எடுத்த ஆலை அது. இரசாயனம் புழங்கிய இத்தகைய இடங்களுக்கு மண், நிலத்தடி நீர் ஆகியவற்றின் ஆய்வுகூடப் பரிசோதனை வேண்டும். இந்த வழிகாட்டியின் எளிய முறைகள் அங்கு போதா.

ஆறாம் படி: சுவரும் கூரையும்

வாவியின் நீர் உவர். அந்த ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறி, வெயிலில் ஆவியாகும்போது உப்பு மட்டும் எஞ்சிப் பளிங்காகிறது. அந்தப் பளிங்கு பெருகும்போது செங்கல்லின் முகம் பொருபொருவென்று உதிர்கிறது. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குச் சுவர் அரிக்கப்பட்டிருப்பதைக் கரையோரக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் காணலாம். அதைப் பார்த்தவுடன் மேசன்மார் செய்வது சீமெந்துச் சாந்து பூசுவது. பூச்சு உறுதியாகவே நிற்கும். ஆனால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அதற்குப் பின்னால் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் புதிதாக அரிக்கத் தொடங்கும். சில ஆண்டுகளில் பூச்சே பலகை போலக் கழன்று விழும்போது, செங்கல்லின் முகமும் அதோடு சேர்ந்து வரும்.

சரியான முறை மெதுவானது. கச்சான் காற்று வீசத் தொடங்கும் காலத்தில் சீமெந்துப் பூச்சைக் கவனமாகத் தட்டி நீக்கி, சுவரை அந்தக் கோடை முழுவதும் திறந்து உலர விடுங்கள். வெளியே பூத்துவரும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி வாரி எடுங்கள். கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். பின்னர், அரித்துப்போன கற்களை மட்டும் எடுத்து, அதே அளவான, அதிகம் கடினமில்லாத கல்லை வைத்து, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கும் நன்கு கழுவிய ஆற்று மணல் மூன்று பங்குமான சாந்தினால் இணைக்க வேண்டும். வாவி மணலையோ கடல் மணலையோ பயன்படுத்துவது உப்பை நாமே சுவருக்குள் வைத்துக் கட்டுவதாகும். சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சியே இறுகுகிறது என்பதால், ஒரு வாரமாவது ஈரச் சாக்கினால் மூடி, வெயில் படாமல் காக்க வேண்டும். முன்னாளில் இக்கரையில் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது இன்று குற்றம். ஆகவே சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்பதை விற்பவரிடம் கேட்டுத் தெளிவது வாங்குபவரின் பொறுப்பு.

கூரைக்கு அளவுகோல் சூறாவளி வீசிய 1978 நவம்பர் 23 இரவு. அன்று காற்று கூரைகளைக் கீழிருந்து மேலே பிடுங்கியது. ஆகவே கூரையின் பாரத்தைத் தாங்கும் மரத்தைவிட, கூரையைக் கீழே பிடித்து வைக்கும் பிணைப்பே முக்கியம். கைமரம், சுவர்த்தட்டு, சுவர் ஆகிய மூன்றையும் துருப்பிடிக்காத இரும்புப் பட்டியால் தொடர்ச்சியாகப் பிணைத்து, அந்தப் பட்டியைச் சுவருக்குள் போதிய ஆழத்துக்கு இறக்குங்கள். காற்றின் பிடுங்கல் இறவாரத்திலும் முகட்டிலும் மூலைகளிலும் அதிகம் என்பதால் அங்கு ஆணிகளை நெருக்கமாக அடிக்க வேண்டும். பழைய முதிரை, பாலை மரங்களைக் கறையான் எளிதில் தொடுவதில்லை. மரவேலை அறிந்த ஓடாவி ஒருவர் உளியால் தட்டிப் பார்த்துச் சொல்லும் வரை எதையும் விறகாக்காதீர்கள். சுவருக்குள் புதைந்த முனை மட்டும் உக்கியிருந்தால் அந்த முனையை வெட்டிப் புதுத்துண்டு பொருத்தலாம்.

புகைபோக்கியை வளவின் அடையாளமாக நிறுத்துங்கள். தூக்குக்குண்டு கட்டிச் சரிவை அளந்து, உச்சியில் முளைத்த ஆலஞ்செடியை வேரோடு எடுத்து, இடிதாங்கி பொருத்தி, தளர்ந்த பகுதிக்கு இரும்பு வளையம் இட்டால் பெரும்பாலானவை நிலைக்கும்.

ஏழாம் படி: நீரின் விளிம்பு

துறையைப் புதுப்பிக்கும்போது நீண்ட கொங்கிறீற்று மதில் எழுப்பும் ஆசையை விட்டுவிட வேண்டும். நேர்ச்சுவரில் மோதும் நீர் அதன் காலடி மண்ணை அரிக்கும். சுவர் முடியும் இடத்தில் அயலவரின் கரை கரையும். மணலின் ஓட்டத்தை வன்கட்டுமானம் மறித்தால் என்ன நடக்கும் என்பதை அம்பாறை மாவட்டம் ஒலுவிலில் கண்கூடாகப் பார்த்தது. துறைமுகம் வந்தபின் அதன் வடக்கே கரை அரிக்கப்பட்டு, நிந்தவூர் வரை மக்கள் தென்னைகளையும் நிலத்தையும் இழந்தார்கள். வாவியில் அலை சிறிது, எனினும் விதி ஒன்றே. பழைய துறையின் அகலத்துக்கு மட்டும் கல்லாலான படிகளை அமைத்து, இருபுறமும் உவர்நீரில் வளரும் கண்டல் மரங்களை வளரவிடுங்கள். இருக்கும் கண்டலைக் ‘காட்சிக்கு மறைக்கிறது’ என்று வெட்டக் கேட்பவர் கட்டாயம் வருவார். இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கும் இடம் அது.

கைவிடப்பட்ட துறைகளில் இன்று பெரும்பாலும் மீனவர்களே தோணி கட்டுகிறார்கள், வலை உலர்த்துகிறார்கள். அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் அல்லர். எத்தனை தோணிகள், எந்த நேரம், எந்தப் பருவம் என்பதை மீனவர் சங்கத்தோடு இருந்து எழுதி, அவர்களுக்கான துறைப்பகுதி, வலைக்கொட்டில், வழி ஆகியவற்றை அளவைப் படத்திலேயே கோடிட்டுக் குறித்து, குத்தகை ஒப்பந்தத்தின் ஒரு பிரிவாகவும் சேர்க்க வேண்டும். வாய்வார்த்தை முகாமையாளர் மாறும்போது மறைந்துவிடும். மீனவர் வெளியேற்றப்பட்ட வாவிக்கரையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வெற்றி என்று என்னால் கொள்ள முடியாது.

எட்டாம் படி: எதற்குப் பயன்படுத்துவது

இவ்வளவும் தெரிந்த பின்னர் கட்டடமே பாதி விடையைச் சொல்லிவிடும். தடித்த சுவரும் சிறு யன்னலும் உள்ள களஞ்சியம் சூட்டைத் தடுக்கும். விதைநெல் வைப்பதற்கோ, ஆவணக் காப்பகத்துக்கோ, நூலகத்துக்கோ ஏற்றது. அதை உணவகமாக்க யன்னல்களை உடைத்துப் பெருப்பிப்பது அதன் குணத்தையே அழிப்பது. பக்கச்சுவர் இல்லாத அவியல் கொட்டகைக்குக் காற்றோட்டம் உண்டு. நாட்சந்தைக்கும் கைத்தறிக்கும் அது பொருந்தும். மருதமுனையிலும் காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் நெசவு அறிந்த கைகள் இருக்கின்றன. அவர்களுக்குத் தேவை நகரின் நடுவே, தரகரின்றி விற்க ஓர் இடம்.

காயப்போடும் தளமோ கூத்துக்கென்றே அளந்து கட்டியது போல இருக்கும். கூத்தின் இரு ஆட்டமுறைகளான வடமோடியும் தென்மோடியும் வட்டக் களரியில் (ஆடுகளத்தில்), சுற்றிவரச் சனம் இருந்து பார்க்க, இரவிரவாக ஆடப்படுபவை. மண்டப மேடையில் அவை ஒரு பக்கம் பார்த்து ஆடும் சுருங்கிய ஆட்டமாகிவிடுகின்றன. நடுவில் உயர்ந்து ஓரம் சரியும் தளத்தில் களரி கட்டினால் எல்லாப் பக்கத்தாருக்கும் கால் தெரியும். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தையும், ஊர்தோறும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரையும் திட்டத்தின் தொடக்கத்திலேயே அழைத்துக் கேட்டால், விளக்கு எங்கே, உடுப்புக் கட்டும் கொட்டில் எங்கே என்பதை அவர்களே சொல்வார்கள். ஆட்டம் இல்லாத பெரும்போக அறுவடைக் காலத்தில் அதே தளத்தில் நெல் காயப்போடவும் விடலாம். இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

விடுதியும் உணவகமும் வருமானம் தரும் என்பது உண்மை. அவற்றை வளவின் வீதிப்பக்கத்தில், புதிய சிறு கட்டடமாக, பழைய கூரையின் உயரத்தைத் தாண்டாமல் அமைத்து, நீர்ப்பக்கத்தைப் பொதுவுக்கு விட்டுவிடலாம். கழிவுநீருக்கு உறிஞ்சுகுழி வெட்டும் எண்ணமே வேண்டாம்: நிலத்தடி நீர் மேலே நிற்கும் இந்த மண்ணில் உறிஞ்சுகுழி வாவிக்கே வடியும். அடிப்பகுதி அடைத்த தொட்டியும், ஒழுங்கான பவுசர் ஏற்பாடும் தேவை.

ஒன்பதாம் படி: பணமும் ஒப்பந்தமும்

வேலையை மூன்று கோடைகளுக்குப் பிரித்துக் கணக்கிடுங்கள். முதற் கோடையில் கூரை, வடிகால், புகைபோக்கி, இரண்டாவதில் சுவர், துறை, மூன்றாவதில் உள்வேலை. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதி முடிவதற்குள் கட்டடம் மழைக்கு மூடியிருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் திகதியோடு எழுதுங்கள். முதற் கோடை முடிந்ததும் தளத்தையும் கொட்டகையையும் திறந்துவிட்டால், சிறு வருமானமும் ஊரின் ஆர்வமும் ஒன்றாக வரும்.

பழைய கட்டடத்துக்கு ஒட்டுமொத்தத் தொகை ஒப்பந்தம் பொருந்தாது. பூச்சை நீக்கும் வரை எத்தனை கல் மாற்ற வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. ஒப்பந்தகாரர் ஒன்றில் அச்சத்தில் தொகையைக் கூட்டுவார், அல்லது நட்டத்தில் சீமெந்தைப் பூசி முடிப்பார். அலகு விலை குறித்த அளவுப்பட்டியலும், செய்த அளவுக்குக் கொடுப்பனவும் இரு தரப்புக்கும் நியாயம். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுள்ளவரா என்று பார்ப்பதோடு, சுண்ணாம்பு வேலையில் இரண்டு மீற்றர் மாதிரிச் சுவர் ஒன்றைச் செய்து காட்டச் சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் கொடுத்து, அந்தத் தரத்தையே முழு வேலைக்கும் அளவாக வையுங்கள்.

வாடகையில் ஒரு பங்கு பராமரிப்புக்கு என்று தனி வங்கிக் கணக்கில் சேர வேண்டும். குத்தகைக்காரரும் உரிமையாளரும் மீனவர் சங்கப் பிரதிநிதியும் சேர்ந்தே அதில் கையொப்பமிட வேண்டும்.

பத்தாம் படி: திறந்த பின்னர்

ஆண்டுதோறும் புரட்டாதியில் ஒரு நாள், கட்டடத்தை முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். ஓடுகள், பீலிகள், கூரைப் பட்டிகளின் துரு, தளத்தின் ஓர வாய்க்கால், புகைபோக்கியின் உச்சி, கழிவுநீர்த் தொட்டியின் மூடி என்ற வரிசையில் பார்த்து, குறைகளை அதே மாதத்தில் தீர்த்துவிடுங்கள். தை பிறந்து நீர் வற்றியதும் சுவர்களின் அடிப்பகுதியில் உப்புப் பூத்த உயரத்தைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுப் படம் எடுத்து வையுங்கள். கோடு ஆண்டுக்காண்டு இறங்கினால் வேலை சரி, ஏறினால் எங்கோ நீர் தேங்குகிறது. நீர்மட்டக் கொப்பி, அளவைப் படம், அனுமதிகளின் பிரதிகள், சாந்துக் கலவையின் விகிதம், செங்கல் வாங்கிய சூளையின் விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் கட்டி, ஒரு பிரதியை வளவிலும் இன்னொன்றை வெள்ளம் எட்டாத வேறோர் இடத்திலும் வைத்து, முகாமையாளர் மாறும் ஒவ்வொரு முறையும் கையொப்பம் பெற்று ஒப்படைக்க வேண்டும்.